தோள்மூட்டு ஊசி: போடுமுன்னும் போட்ட பின்னும்

தக்பீர் கட்டக் கையை உயர்த்தும்போது ஒரு கை காது வரை போகிறது, மற்றக் கை நெஞ்சோடு நின்றுவிடுகிறது. நம் கரையோர ஊர்களில் தோள்மூட்டு நோவு ஆண்கள் பலருக்குத் தொழுகையில்தான் முதலில் பிடிபடுகிறது. பெண்களுக்கு வேறு இடத்தில். கையைப் பின்னால் மடக்கிச் சட்டைக் கொளுவியைப் பூட்ட ஏலாது, கொண்டை போட ஏலாது, அபாயாவின் கைக்குள் நோகும் கையை நுழைக்க மகளைக் கூப்பிட வேண்டும். இடது தோள் என்றால் கழுவுவதே பாடு, அதை வெளியில் சொல்லவும் வெட்கம். இரவில் அந்தப் பக்கம் சரிந்தால் தூக்கம் போய்விடும். ஓரிரு மாதம் எண்ணெய் தடவி, பாமசியில் குளிசை வாங்கிப் போட்டுப் பார்த்த பிறகு யாரோ சொல்வார்கள், "ஒரு ஊசி அடிங்க, சரியாப் போகும்" என்று. பக்கத்து வீட்டு ராத்தா சொல்வார், "அந்த ஊசி வேணாம் புள்ள, எலும்பு உருகிரும்" என்று.

இரண்டையும் நம்ப வேண்டாம். தோளுக்குள் போடும் ஸ்டீரொய்ட் ஊசி நோவை அடக்கிச் சில கிழமைகளைக் கையில் தருகிறது. அந்தக் கிழமைகளில் மூட்டை இளக்கி எடுத்தவருக்கு ஊசியால் பயன் உண்டு. சும்மா இருந்தவருக்கு நோவு திரும்பி வரும்போது கை பழைய உயரத்திலேயே நிற்கும். சீனி வருத்தம் உள்ளவர் முதற் கிழமைக்கென்று இன்னோர் ஆயத்தமும் செய்ய வேண்டும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி இவை இரண்டையும் பற்றியது.

எந்தத் தோள் நோவு?

ஊசி எல்லாத் தோள் நோவுக்கும் இல்லை. வைத்தியரிடம் போகுமுன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் திருப்புங்கள். பிறகு வீட்டில் ஒருவரை அதே கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பினாலும் மற்றவர் திருப்பினாலும் பூட்டுப் போட்டதுபோல் ஒரே இடத்தில் நின்றால் அது உறைந்த தோளாக இருக்கக்கூடும். மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுவது இது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில், பெண்களுக்குச் சற்று அதிகமாக, சீனி வருத்தமும் தைரொய்ட் கோளாறும் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும். தானாக இளகினாலும் ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் பிடிக்கும்.

மற்றவர் தூக்கிவிட்டால் கை மேலே போகிறது, நீங்களே தூக்கும்போது பாதி உயரத்தில்தான் சுள்ளென்று பிடிக்கிறது என்றால், தோளின் கூரை எலும்புக்குக் கீழே ஓடும் தசைநாரிலோ அதன்மேல் உள்ள நீர்ப்பையிலோ அழற்சி இருக்கலாம். மருதமுனையில் தறியில் நாடாக் கயிற்றை ஒரே கையால் நாள் முழுதும் இழுப்பவர்கள், சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கரைவலை இழுப்பவர்கள், சம்மாந்துறை ஆலைகளில் மூட்டை தூக்குபவர்கள், மேசன்மார், பெயின்ட் அடிப்பவர்கள் என்று தொழிலால் தோளைத் தேய்ப்பவர்களுக்கு இது வரும்.

இவை இரண்டுக்கும்தான் ஊசி பெரும்பாலும் பேசப்படுகிறது. விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால், அதிலும் அறுபது கடந்தவர் என்றால், தசைநார் அறுந்திருக்கலாம். அறுந்ததை ஊசி தைக்காது, அதை உடனே காட்ட வேண்டும். நோவு முழங்கையைத் தாண்டி விரல் வரை இறங்கி விறைத்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கக்கூடும். அந்த மூட்டில் ஸ்டீரொய்ட் போடவே கூடாது. காரணமில்லாமல் உடல் மெலிந்துகொண்டு தோளும் நோகிறது என்றால் எக்ஸ்ரே இல்லாமல் ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திடீரென்று வந்த தோள் நோவோடு வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், வாந்தி ஏதாவது சேர்ந்தால் எண்ணெய் போத்தலைத் தேட வேண்டாம். 1990ஐ அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் கேளுங்கள். மாரடைப்பு தோள் நோவாக வரலாம், சீனி உள்ளவர்களுக்கு நெஞ்சு நோவு தெளிவாகத் தெரியாமலே வரலாம்.

ஊசிக்குள் இருப்பது

பிட்டத்தில் போடும் நோவு ஊசி இதுவல்ல. ஜிம்முக்குப் போகும் பொடியன்கள் உடம்பு பெருக்கப் போடும் ஸ்டீரொய்ட்டும் வேறு. நம் சிறுநீரகத்தின் மேலே தொப்பிபோல் இருக்கும் சுரப்பி தினமும் சுரக்கும் ஒரு ஹோர்மோனைப் போன்று செய்யப்பட்ட மருந்து இது. 1948இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கோர்ட்டிசோன் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் கெண்டலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பு முழுவதும் பரவும்படி மாதக்கணக்கில் கொடுத்தால் இந்த மருந்து முகத்தை ஊதவைக்கும், எலும்பை மெலிவிக்கும் என்பதும் அடுத்த சில வருடங்களிலேயே தெரிந்துபோயிற்று. "எலும்பு உருகிரும்" என்ற பயத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. மாதக்கணக்கில் பிரெட்னிசொலோன் குளிசை போடுபவருக்கு அந்தப் பயம் நியாயமானது. ஒரு மூட்டுக்குள் ஒரு தடவை 40 மில்லிகிராம் போடுவதற்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

பொதுவாகப் போடப்படுவது மெதில்பிரெட்னிசொலோன் அல்லது ட்ரையம்சினொலோன். இரண்டும் பால்போல் வெண்மையாக, குலுக்கி எடுக்கப்படும் கலங்கல் மருந்துகள். கரைந்துபோக நாளெடுப்பதால்தான் அவற்றின் வேலை கிழமைக்கணக்கில் நீடிக்கிறது. கூடவே விறைக்கும் மருந்தான லிக்னோகெயினும் கலப்பார்கள்.

எவ்வளவு சுகம் எதிர்பார்க்கலாம்? தோள் தசைநார் நோவு உள்ள 708 பேரை வைத்து பிரித்தானியாவில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் லான்செட் இதழில் வந்தது. ஊசி போட்டவர்கள் எட்டாவது கிழமையில் மற்றவர்களைவிடச் சற்றுத் தேறியிருந்தார்கள். வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் இல்லை. உறைந்த தோளில் ஊசியின் பயன் இதைவிடத் தெளிவானது. நோவு உச்சத்தில் இருக்கும் ஆரம்ப மாதங்களில் போட்டால் சுமார் மூன்று மாதம் வரை நல்ல ஆறுதல் கிடைக்கும். நோவு தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதனால் ஊசி கேட்க வேண்டிய நேரம் தூக்கம் கெடும் காலம்தான். "எல்லாத்தையும் பாத்துட்டு கடைசியாப் பாப்போம்" என்று ஒரு வருடம் கடத்தினால் அந்த நேரம் போய்விடும்.

உறைந்த தோளுக்குச் சத்திரசிகிச்சை வேண்டுமோ என்று பயப்படுபவர்களுக்கு இன்னொரு செய்தி. 2020இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில் 503 பேருக்கு மூன்று வழிகளில் ஒன்று கொடுக்கப்பட்டது. ஊசியோடு இயன்மருத்துவம், மயக்கத்தில் வைத்துக் கையை அசைத்து இளக்குதல், துளைவழிச் சத்திரசிகிச்சை என்பவை அந்த மூன்றும். ஒரு வருடத்தின் பின் எதுவும் மற்றதைப் பெரிதாக மிஞ்சவில்லை.

சீனி உள்ளவருக்கு

தோளுக்குள் போட்டாலும் மருந்தில் ஒரு பங்கு இரத்தத்தில் கலக்கும். ஈரல் கூடுதலாகச் சீனியை வெளிவிடும், இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாது. அன்றைக்கோ மறுநாளோ அளவு ஏறத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு, பெரும்பாலோருக்கு ஒரு கிழமைக்குள் இறங்கிவிடும்.

என் உம்மாவுக்கு ஊசி போட்டபோது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வழமையாக 160க்குள் நிற்கும் அளவு மறுநாள் பின்னேரம் 290 காட்டியது. மெஷின் பழுது என்று நினைத்துப் புதுப் பட்டிப் பெட்டி ஒன்றை உடைத்தோம். அதுவும் அதையேதான் சொன்னது. உம்மா பயந்து சோற்றை நிறுத்தி, மாத்திரையைத் தன்பாட்டில் இரட்டித்துவிட்டார். அது ஏற்றத்தைவிட ஆபத்தான வேலை. ஐந்தாம் நாள் அளவு பழைய இடத்துக்கு வந்தபோது இரட்டித்த மாத்திரை அவரைக் கீழே தள்ளிவிட்டது. வியர்த்து நடுங்கியவருக்குச் சீனித் தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம். முன்கூட்டியே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும், ஒன்றும் நடந்திருக்காது. இந்தப் பகுதியை நீட்டி எழுதுவதற்கு அந்த நாள்தான் காரணம்.

ஊசிக்கு முந்திய கிழமையில் நாலைந்து நாள் அளவைப் பார்த்து எழுதி வையுங்கள். அந்தத் துண்டையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். ஏற்கெனவே 250, 300 என்று நிற்பவருக்கு முதலில் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவரும்படி வைத்தியர் சொல்லலாம். அது உங்களைத் தட்டிக்கழிப்பது இல்லை. ஊசி போட்ட பின் ஏழு நாளைக்கு, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று பாருங்கள். காலை அளவை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. இந்த மருந்து பகலிலும் சாப்பாட்டுக்குப் பின்னும்தான் அளவைக் கூடுதலாக ஏற்றும். மெஷின் இல்லாதவர் சொந்தத்தில் ஒருவரிடம் அந்த ஒரு கிழமைக்கு இரவல் வாங்கலாம். ஊசி முனை மட்டும் ஆளுக்கொன்று புதிதாக இருக்க வேண்டும்.

இன்சுலின் போடுபவர் அளவைக் கூட்ட வேண்டுமா, எந்த அளவு வந்தால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை ஊசி போடுமுன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். 300க்கு மேல் இரண்டு தடவை தொடர்ந்து காட்டினாலோ, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மயக்கம் வந்தாலோ வைத்தியசாலைக்குப் போங்கள். உறைந்த தோளில் 20 மில்லிகிராம் போட்டாலும் 40 போட்டாலும் சுகத்தில் வித்தியாசம் இல்லை என்று காட்டிய ஆய்வும் இருக்கிறது. சீனி கட்டுக்கடங்காதவர்கள் குறைந்த அளவு போதுமா என்று வைத்தியரிடம் தாராளமாகக் கேட்கலாம். அந்தக் கிழமையில் கல்யாண வீட்டுச் சஹனும் வட்டிலப்பமும் வராதபடி நாளைத் தெரிவு செய்யுங்கள்.

காலில் ஆறாத புண் இருந்தால் அதையும் காட்டுங்கள். உடம்பில் எங்காவது சீழ் இருக்கும்போது மூட்டில் ஊசி போடுவதைத் தள்ளிவைப்பதே நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க வோர்ஃபரின், க்ளொப்பிடோக்ரல் போடுபவர்கள் அதைச் சொல்ல வேண்டும், ஆனால் தாங்களாக நிறுத்தக் கூடாது.

நோன்பும் ஊசியும்

1997இல் மொரோக்கோவில் மார்க்க அறிஞர்களும் வைத்தியர்களும் கூடிய ஆய்வரங்கில், தோல், தசை, மூட்டு, இரத்தக்குழாய் வழியாகப் போடும் சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்கா என்றும், ஊட்டமாக ஏற்றப்படும் திரவங்கள் இதில் அடங்கா என்றும் கருத்துத் தெரிவிக்கப்பட்டது. மனதில் ஐயம் உள்ளவர் தன் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியட்டும். ஆனால் சீனி வருத்தம் உள்ளவருக்கு என் யோசனை வேறு. ரமழானில் மாத்திரை நேரம் மாறியிருக்கும், நோன்பு திறந்தவுடன் பேரீச்சம்பழமும் கஞ்சியும் சர்பத்தும் ஒன்றாக இறங்கும். அதற்கு மேல் ஸ்டீரொய்ட்டும் சேர்ந்தால் அளவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொறுக்கக்கூடிய நோவு என்றால் ஷஃபானிலோ ஷவ்வாலிலோ போடுங்கள். நோன்போடு இருக்கும்போது அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே நீரிழிவு நிபுணர்களின் சர்வதேச வழிகாட்டல்.

ஊசி போடும் நாள்

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள் என்று இந்தக் கரையில் அரச வைத்தியசாலைகளுக்குக் குறைவில்லை. அங்கே சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, என்புமுறிவு வைத்தியரின் கிளினிக்குக்கா, இயன்மருத்துவப் பிரிவுக்கா, எந்த நாளில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். தோளை முழுவதுமாகத் திறந்து காட்ட வேண்டியிருப்பதால் பெண்கள் முன்பக்கம் பொத்தான் உள்ள தளர்ந்த சட்டை போட்டுப் போங்கள். பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

கதிரையில் இருத்தி, தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, தோளின் பின்பக்கத்தாலோ பக்கவாட்டாலோ ஊசியை இறக்குவார்கள். சில வினாடிகளில் முடிந்துவிடும். ஸ்கேன் பார்த்துப் போட்டால்தான் சரி என்று கூடுதல் காசு கேட்கும் இடங்கள் உண்டு. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கொக்ரேன் குழு 2021இல், ஸ்கேன் பார்த்துப் போடுவதால் நோவு குறைவதில் பெரிய இலாபம் இல்லை என்றே சொன்னது. தோளைக் கையால் தடவி இடம் அறியப் பழகிய வைத்தியர் போதும்.

போட்டு முடிந்ததும் அரை மணிநேரம் அங்கேயே இருங்கள். விறைப்பு மருந்தால் கை லேசாகும், "ஐயோ, நோவே இல்ல" என்று தோன்றும். அதை நம்பி மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள், விறைத்த கைக்குப் பிடி இருக்காது. சில மணிநேரத்தில் நோவு திரும்பும். ஒரு சிலருக்கு முன்னைவிடக் கூடி ஒன்று இரண்டு நாள் நிற்கும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியும் பரசிற்றமோலும் போதும். பாமசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், சீனியால் களைத்த சிறுநீரகம் அதைத் தாங்காது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் மருந்தின் உண்மையான வேலை தெரியத் தொடங்கும். இதற்கு மாறாக, நோவு நாளுக்கு நாள் ஏறி, தோள் சூடாகி, காய்ச்சலும் வந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூட்டில் கிருமி புகுவது ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றுக்கே நேர்வது. நேர்ந்தால் ஒரு நாள் தாமதமும் மூட்டைக் கெடுக்கும்.

முகம் சிவந்து சூடாவதும் ஓரிரவு தூக்கம் வராததும் தானாகப் போகும். ஊசி போட்ட இடத்தில் தோல் சற்று வெளிறிக் குழியலாம், நம் நிறத்தில் அது கண்ணுக்குத் தெரியும். பெண்களிடம் பெரும்பாலும் சொல்லாமல் விடப்படும் ஒன்று மாதவிடாய் முன்பின்னாவது. நின்றுபோனவருக்கும் இடையில் உதிரம் படலாம். தொழுகைக்கும் நோன்புக்கும் இது கணக்கு என்பதால் முன்பே அறிந்திருப்பது நல்லது. நின்றுபோனவருக்கு உதிரம் பட்டால் ஊசிமேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஊசி போட்ட இடத்தில் ஒட்டும் பிளாஸ்டர் வுழுச் செய்யும் உறுப்பில் படாது, அதனால் வுழுவுக்குத் தடையில்லை. அன்றைக்கு மட்டும் தோளை நனைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தோளில் ஒரு கிழமையாவது ஹிஜாமா, சூட்டு ஒத்தடம், எண்ணெய் போட்டு உருவுதல் எதுவும் வேண்டாம்.

ஆறு கிழமை

முதல் இரண்டு நாள் கைக்கு ஓய்வு. மூன்றாம் நாளிலிருந்து தொழுகை முடிந்த கையோடு, நேரத்துக்கு ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை என்பது இயன்மருத்துவர் கேட்பதற்குக் குறைவில்லாத கணக்கு, நேரத்தை நினைவூட்ட பாங்கும் இருக்கிறது.

மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, நோகும் கையைக் கிணற்று வாளிபோல் தொங்கவிட்டு மெதுவாக வட்டமடிக்க விடுங்கள். பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் படிப்படியாக ஏறுங்கள். அடுத்து, மல்லாந்து படுத்து, முழங்கைகளை விலாவோடு வைத்து, குடைக்கம்பை இரு கையாலும் பிடித்து, நல்ல கையால் நோகும் கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். உறைந்த தோளுக்கு இது மூன்றிலும் முக்கியம், ஆட்கள் முதலில் கைவிடுவதும் இதைத்தான். சீலையை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுப்பதைக் கடைசியில், நன்றாக இளகிய பிறகு தொடங்கலாம். இழுக்கும்போது கொஞ்சம் நோகும், அது பரவாயில்லை. செய்து முடித்து ஒரு மணிநேரம் கடந்தும் நோவு அடங்கவில்லை என்றால் கூடிப்போய்விட்டது, அடுத்த தடவை குறையுங்கள்.

சுஜூதில் உடம்புப் பாரத்தை அந்தக் கையில் போடாமல் இயன்றவரை செய்யுங்கள், முடியாத நாட்களில் கதிரையில் இருந்து தொழுங்கள். வலை இழுப்பவரும் மூட்டை தூக்குபவரும் இரண்டு கிழமை அந்த வேலையைத் தவிர்க்க வேண்டும். மருந்து தசைநாரைச் சற்று மெலிவிக்கும், நோவு தெரியாத கை தன் அளவுக்கு மேல் இழுத்துவிடும். நாட்கூலிக்காரருக்கு இரண்டு கிழமை என்பது சின்ன விஷயமல்ல என்று தெரியும். கடல் கொந்தளித்து வலை இறங்காத நாட்களையும் வயல் வேலை ஓய்ந்த நாட்களையும் பார்த்து ஊசிக்கு நாள் வைத்துக்கொண்டால் இழப்புக் குறையும். தறிக்காரர் அரை நாள் வேலையோடு தொடங்கலாம்.

இன்னோர் ஊசி?

முதல் ஊசி நன்றாக வேலை செய்து மூன்று மாதம் கழித்து நோவு திரும்பினால் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம். ஒரே மூட்டில் வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் போடுவதில்லை என்பது பொது வழக்கம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் ஊசியே ஒன்றும் செய்யவில்லை என்றால் அதே இடத்தில் திரும்பப் போடச் சொல்லாதீர்கள். நோவின் காரணத்தை மீண்டும் தேடச் சொல்லுங்கள். தோளில் சத்திரசிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கு முந்திய மூன்று மாதத்தில் ஊசி வேண்டாம், தொற்று அபாயம் கூடும். ஒவ்வோர் ஊசியின் திகதியும், மருந்தின் பெயரும், அளவும், எந்தத் தோள் என்பதும் கிளினிக் கொப்பியில் இருக்க வேண்டும். தனியாரிடம் போட்டிருந்தால் சிட்டையைக் கேட்டு வாங்கி அந்தக் கொப்பிக்குள் வையுங்கள். பெயர் ஒட்டாத போத்தலில் வரும் "உடனே சுகம்" தூள்களும் உருண்டைகளும் ஏற்கெனவே சாப்பிடுபவர் அதையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அப்படியானவற்றில் சொல்லாமல் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம்.

ஊசிக்கு முதல் நாள், சுவரில் உங்கள் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் திகதியை எழுதுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் போகுமுன் இன்னொரு கோடு. ஆறாவது கிழமை கிளினிக்குக்குப் போகும்போது முதற் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையில் எத்தனை விரற்கடை என்று அளந்துகொண்டு போங்கள்.